அறுபத்தைந்து கிலோ

அன்று காலை மாவட்ட ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறையில் இருந்தவர்கள்:

புருல்சா. முப்பத்தொரு வயது, இயன்முறை மருத்துவர். முதுகு, மூட்டு, பக்கவாதம் என்று அந்த மாவட்டத்தில் எது மடங்கிப் போனாலும் அவளிடமோ எர்னிஸிடமோதான் வரும். அவளுக்கு மதிய முறை. காலை முறைக்காரன் எர்னிஸ் வெளியூர் போனதால் அன்று காலையிலேயே வந்திருந்தாள்.

ஜுமாகாஜி. அறுபத்தாறு வயது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி மலையடியில் ஆடும் குதிரையும் வைத்திருப்பவர். புருல்சாவின் மாமனார். மருமகளுக்கு மதிய முறை என்று தெரிந்து காலையில் வந்தவர். கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை, முகத்தை நேராகப் பார்த்ததில்லை, அவருக்கு முதுகைக் காட்டி நின்றதுமில்லை. பேச்சு என்றால் தேநீர் போதுமா என்ற அளவில் நிற்கும்.

உல்போசுன். ஐம்பத்தெட்டு வயது, ஆஸ்பத்திரி ஆயா. யாரும் கூப்பிடாமல் வந்தவள்.

— சட்டையக் கழட்டணுமாம்ணே.

— அவ சொன்னது எனக்கும் கேட்டுது. முதுகுதான் போச்சு, காது இருக்கு.

— கேட்டா கழட்ட வேண்டியதுதானே. நான் இந்த ஆஸ்பத்திரியில பார்க்காத முதுகா?

— நீ பாரு. அவ எதுக்குப் பார்க்கணும்? எர்னிஸ்னு ஒரு பையன் இருக்கான்னாங்களே.

— அவன் ஏதோ பயிற்சின்னு நகரத்துக்குப் போயிருக்கான். வெள்ளிக்கிழமைதான் வருவான். அதுவரைக்கும் இப்படியே லாடம் மாதிரி வளைஞ்சு நிக்கப் போறீங்களா?

— அக்கா, அவங்களுக்குக் கூச்சமா இருந்தா நான் சுவத்துப் பக்கம் பார்த்துக்கிறேன்னு சொல்லுங்க.

— சுவத்தப் பார்த்தா அவருக்கு முதுகக் காட்டணுமே புள்ள, அது மட்டும் ஆகுமா? கண்ண மூடிக்கிட்டு நில்லு. அண்ணே, கழட்டுங்க.

— ம்.

— இடுப்புல இது என்ன, நாய்மயிர்ப் பட்டையா?

— ஊர்ல ஒருத்தன் குடுத்தான். சூடு குடுக்கும்னான்.

— சூடு குடுக்குதோ இல்லையோ வாடை குடுக்குது. விடுங்க, நான் அவிழ்க்கிறேன். ஐயையோ, உள்ள என்ன இது, கொழுப்பா?

— ஆட்டு வால்கொழுப்பு. எலும்பு கட்டுறவன் தடவி, மேல ஏறி மிதிச்சுவிட்டான். அது போன மாசம்.

— மிதிச்சானா? அக்கா, இனிமே யாரையும் முதுகு மேல ஏற விடக் கூடாதுன்னு சொல்லுங்க. ஒருக்களிச்சுப் படுத்து, அப்புறம் மெதுவாக் கவுந்து படுக்கட்டும்.

— ஒருக்களிச்சு, அப்புறம் கவுந்துண்ணே. ஆங், அப்படித்தான். முனகலாம், இங்க தப்பில்ல.

— நான் முனகல.

— எப்படி ஆச்சுன்னு கேளுங்கக்கா.

— குதிரை தள்ளிடுச்சுன்னு சொல்லு. இன்னிக்குக் காலைல.

— எந்தக் குதிரைண்ணே? அந்தச் சிவலையா? அது படுத்தா நாலு பேரு சேர்ந்து எழுப்பணும்னு உங்க ஊர்க்காரங்களே சொல்றாங்க. அதுவா உங்களைத் தள்ளுச்சு?

— வேற குதிரை.

— வேற எது?

— நீ ஆஸ்பத்திரி ஆளா, போலீசா?

— சரி சரி. எழுதிக்கோ புள்ள, வேற குதிரை. பேரு எழுதிட்டியா? வாயால சொல்ல மாட்டே, எழுதவாவது எழுதுவியா?

— எழுதிட்டேன்க்கா. வலி இடுப்போட நிக்குதா, காலுக்கு இறங்குதா?

— எடது காலு. கெண்டை வரைக்கும் சுரீர்னு இழுக்குது. அவகிட்டச் சொல்லு.

— எடது கெண்டையாம். நல்ல பொழப்பு எனக்கு. ஒரே ரூம்ல இருக்கிற ரெண்டு பேருக்குத் தபால் கொண்டு போறேன்.

— கையை ஊனி நெஞ்சை மட்டும் மேல தூக்கணும்க்கா. இடுப்பு மேசையை விட்டு எழும்பக் கூடாது. பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் கால்ல எப்படி இருக்குன்னு சொல்லணும்.

— பாம்பு படம் எடுக்கிற மாதிரிண்ணே. ஒண்ணு... ரெண்டு... மூச்சு விடுங்க, மூச்சு விடுறதுக்கு இங்க தடை இல்ல... ஆறு... ஏழு...

— போதும். முதுகு கிழியுது.

— கால்ல?

— கால்ல... குறைஞ்சிருக்கு. முழங்காலுக்கு மேல ஏறிடுச்சு. முதுகுலதான் ஜாஸ்தி பண்ணிட்டீங்க.

— கால்ல இருக்கிற வலி மேல ஏறி முதுகுக்கு வந்தா அது நல்லதுக்குத்தான்னு சொல்லுங்கக்கா. இதே பயிற்சியை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்யணும். வழி இருக்கு, சரியாயிடும்.

— நல்லதாம்ணே. வலிச்சா நல்லதாம். படிச்சவங்க சொல்றாங்க.

— அப்போ இன்னிக்கு நான் கனம் தூக்கலாமா?

— ஆறு வாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லுங்க.

— ஆறு வாரமா? நான் மத்தியான வண்டிக்குத் திரும்பணும். இன்னிக்கே தூக்கணும்.

— கூடாதுக்கா.

— ஒரு ஆட்டுக்குட்டி?

— கூடாது.

— ஒரு வாளித் தண்ணி?

— அரை வாளி.

— கேளு, ஒரு ஊசி போட்டு, இறுக்கிக் கட்டி விட்டா? ஒரே ஒரு தடவை. ஒரு அறுபத்தஞ்சு கிலோ.

— அறுபத்தஞ்சு கிலோவுல வீட்ல என்ன இருக்குண்ணே?

— கிடா.

— கிடாவை எதுக்கு நீங்க தூக்கணும்? அதுக்குத்தான் நாலு கால் குடுத்திருக்கே. நடந்து வரட்டும். இருங்க, அசையாதீங்க. புள்ள, இங்க வந்து பாரு. கழுத்துக்குப் பின்னால, ரெண்டு பக்கமும் கன்னிப் போயிருக்கு. பழசும் இருக்கு, புதுசும் இருக்கு.

— குதிரைலேருந்து விழுந்தப்போ பட்டது.

— குதிரைக்கு எப்பண்ணே விரல் முளைச்சுது? நாலு நாலு விரலு, எண்ணலாம் போல இருக்கு. அண்ணி நெரிச்சுட்டாங்களா?

— அக்கா, நீங்க போய் மெழுகு உருகிடுச்சான்னு பாருங்க. முதுகுக்குச் சூடா வைக்கணும்.

— அது உருக இன்னும் அரை மணி ஆகும்.

— அரை மணி அங்கயே இருந்து பாருங்க.

— நான் போயிட்டா உங்க தபாலு?

— நானே பேசிக்கிறேன்க்கா. கதவைச் சாத்திட்டுப் போங்க.

— போறேன். வெளிய யார் கேட்டாலும் நான் எதையும் பார்க்கல, அதையும் சொல்லிட்டேன்.

— ஏதாவது பேசு. இல்லன்னா அவளையே கூப்பிடு.

— ஒண்ணு கேட்கணும். முதுகுன்னு யார் வந்தாலும் கேட்கணும், எர்னிஸ் இருந்தா அவனும் கேட்டிருப்பான். ஒண்ணுக்குப் போறது... உங்களுக்குத் தெரியாமலே போயிடுதா?

— எனக்கில்ல.

— தொடைக்கு உள்பக்கம் மரத்துப் போகுதா?

— இல்ல. எனக்கு அந்த மாதிரி எதுவும் இல்ல.

— சரி. பெரிய நரம்பு தப்பிச்சிருக்கு. இன்னும் ஒண்ணு கேட்கணும்.

— கேளு.

— அத்தை எத்தனை கிலோ இருப்பாங்க? சொல்லுங்க மாமா.

— ஒன்பது வருஷத்துல நீ என்னை நேரா கேட்கிற கேள்வி இதுதானா?

— கழுத்துத் தடம் எனக்குத் தெரியும். பக்கவாதக்காரங்களைத் தூக்குறவங்க எல்லாரும் இதோடதான் வருவாங்க. கட்டில்லேருந்து எழுப்பும்போது பயந்து போய்க் கழுத்தைக் கட்டிக்குவாங்க. அப்போ மொத்தக் கனமும் இடுப்புக்கு இறங்கும். எத்தனை மாசமா?

— குளிர் தொடங்குறதுக்கு முன்னாடிலேருந்து.

— அப்போ கால் சுளுக்குன்னு சொன்னீங்க.

— சுளுக்குன்னுதான் நாங்களும் நினைச்சோம், மூணு நாள். எடது காலு வரவே இல்ல. பேச்சு நல்லா இருக்கு, கை நல்லா இருக்கு. காலு மட்டும் கட்டை மாதிரி. அப்புறம் அந்த இன்னொண்ணு. அடக்க முடியல.

— ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வந்தேனே.

— நீ வர்ற அன்னிக்கு விடியும்போதே எழுப்பிடுவேன். கழுவிவிட்டு, நல்ல துணி கட்டி, வெள்ளைத் தலைத்துணி சுத்தி, பெரியவங்க இடத்துல உக்கார வைப்பேன். பின்னால மெத்தை அடுக்கு முட்டுக் குடுக்கும். நீ வந்து குனிஞ்சு வணங்குவே, நல்லா இருன்னு சொல்லுவா. நீ தேநீர் ஊத்துவே, பாத்திரம் கழுவுவே, சாணி அள்ளுவே, போயிடுவே. நீ போன பிறகு சாஞ்சா ராத்திரி வரைக்கும் பேச மாட்டா. அவ்ளோ அசதி.

— எனக்கு ஏன் சொல்லல? என் வேலையே இதுதானே.

— அதனாலதான்.

— புரியல.

— "அவ நாள் பூரா ஊரான் உடம்பத் தொட்டுட்டு வர்றா, என் உடம்பையும் அந்தக் கணக்குல சேர்க்கணுமா"ன்னா. "நான் நனைஞ்சு கிடக்கிறதைப் பார்த்த கண்ணோட நாளைக்கு எப்படி என் முன்னால குனிவா"ன்னு கேட்டா.

— மெதெருக்குத் தெரியுமா?

— உன் புருஷன் சுரங்கத்துலேருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வர்றான். அவன் வந்தாலும் இதே உக்கார வைக்கிறதுதான். அவனுக்கும் தெரியாது. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. துணியெல்லாம் நான்தான் அலசுறேன். சனங்க ஆட்டை ஓட்டிக்கிட்டு மேல போன நேரமாப் பார்த்து அலசுவேன். ஒரு தடவை எங்க அண்ணன் பொண்டாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் வந்துட்டா. நான் சேணத்துணி அலசுறேன்னேன். பூப்போட்ட சேணத்துணி எங்க வாங்கினேன்னு கேட்டா. சிரிப்பு வந்தா சிரி.

— எனக்குச் சிரிப்பு வரல மாமா. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

— என்ன தெரிஞ்சிருந்துச்சு?

— முழுசாத் தெரியாது. ஜனவரியில கொடியில மெத்தை காயப் போட்டிருந்தீங்க. பலகை மாதிரி விறைச்சுக் கிடந்துச்சு. ஜனவரியில யார் மெத்தை துவைப்பாங்க? உள்ள வந்தா சோப்பு வாசனை, அதுக்குக் கீழ இன்னொரு வாசனை. எனக்கு அந்த வாசனை தெரியாதா? வார்டுல தினமும் மூக்குல ஏறுறதுதானே. அத்தை ஒரு தடவைகூட எந்திரிச்சு வாசல் வரைக்கும் வரல. முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கிட்டு வந்து பக்கத்துல வச்சேன். தொட்டுப் பார்க்கல.

— மருமக எப்படித் தொடுவா?

— அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டேன். மருமக கேட்கக் கூடாது, மருமக நிமிர்ந்து பார்க்கக் கூடாது. தெரிஞ்சுக்கிட்டா நான் வேலையை விட்டுட்டு அங்க வந்து உக்காரணும். ரெண்டு பிள்ளைங்களோட அந்த ரெண்டு ரூம்ல. அதனால குனிஞ்சேன். நான் தலையக் குனிஞ்சது மரியாதைன்னு நீங்க ரெண்டு பேரும் நினைச்சீங்க. எனக்கு அது வசதியா இருந்துச்சு.

— இதை என்கிட்ட ஏன் சொல்ற?

— நீங்க சொன்னீங்களே.

— நான் வேற வழியில்லாம சொன்னேன்.

— நானும்தான். எந்திரிங்க. முதல்ல ஒருக்களிங்க, காலைக் கீழ போடுங்க, கையால தள்ளி உக்காருங்க. நான் ஒண்ணு காட்டணும். இப்போ நீங்கதான் அத்தை.

— என்ன பண்ற?

— இந்த ஆஸ்பத்திரிப் பட்டையை உங்க இடுப்புல கட்டுறேன். கையை என் கழுத்துல போடாதீங்க, தோள்மேல வையுங்க. வையுங்க மாமா, ஒண்ணும் ஆகாது. என் முழங்கால் உங்க வலுவில்லாத முழங்காலை முட்டுக் குடுக்குது, பாருங்க. பட்டையைப் பிடிச்சு நான் பின்னால சாயுறேன். தூக்கல, சாயுறேன். நீங்க தானா எந்திரிக்கிறீங்க.

— அட.

— நீங்க எண்பது கிலோ. நான் ஐம்பத்திரண்டு. என் முதுகுக்கு ஒண்ணும் ஆகல.

— இது எத்தனை நாள்ல கத்துக்கிறது?

— பத்து நிமிஷம். போன குளிருக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருப்பேன்.

— பத்து நிமிஷம்.

— ஆமா.

— அவ கத்துறா, தெரியுமா? தூக்கும்போது. பயத்துல. யாருக்கும் கேட்கக் கூடாதுன்னு என் தோள்ல வாயை வச்சுக்கிட்டுக் கத்துறா. சரி, எனக்குப் புரிஞ்சுது. பட்டையக் குடு. நான் இப்படியே போய்ச் செஞ்சுடுறேன்.

— இன்னிக்கு உங்களால ஆகாது. இப்போ நான் கையை எடுத்தா நீங்க நேரா நிக்க மாட்டீங்க. எடுத்துக் காட்டவா?

— எடுக்காத.

— உக்காருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. ரெண்டு நாள் இங்கயே வார்டுல படுங்க. உல்போசுன் அக்கா வாய்தான் நீளம், வெளிய பேச மாட்டாங்க. நான் முறை முடிஞ்சதும் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அங்க போறேன். அத்தைகிட்ட நானே பேசிக்கிறேன். திட்டினா திட்டட்டும்.

— உன் முறை எப்போ முடியும்?

— காலையும் மதியமும் சேர்த்துப் பார்க்கிறேன் இன்னிக்கு. அஞ்சு மணிக்கு.

— அஞ்சு வரைக்கும் ஆகாது.

— ஏன்? வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெரியம்மா பார்த்துக்க மாட்டாங்களா? அவங்ககிட்டத்தானே விட்டுட்டு வந்தீங்க?

— அவகிட்ட எதுக்கு விடுவேன்? அவளுக்குத் தெரிஞ்சா தண்ணி பிடிக்கிற இடத்துல எல்லாருக்கும் தெரியும்.

— அப்போ கூட யார் இருக்காங்க?

— யாரும் இல்ல.

— கட்டில்ல தனியா விட்டுட்டா வந்தீங்க? மணி பதினொண்ணு ஆகுது மாமா.

— கட்டில்ல இல்லம்மா. விடியக்காலைல பாதி தூக்கினேன், முதுகுல பட்டுனு ஏதோ விட்டுச்சு, நழுவ விட்டுட்டேன். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவுல விழுந்தா. மறுபடி மூணு தடவை பார்த்தேன், அசைக்கக்கூட முடியல. தலைக்குத் தலகாணி வச்சு, மேல கம்பளியப் போட்டுட்டேன். "போய் ஒரு தடவை தூக்குற அளவுக்குச் சரி பண்ணிக்கிட்டு வா, அதுவரைக்கும் ஒருத்தரும் என்னை இப்படிப் பார்க்கக் கூடாது"ன்னு சொன்னா. சரின்னு கதவைச் சாத்தி, வெளிய பூட்டிட்டு வந்தேன்.